ஒரு மணி நேரப் பயணம்

"இலண்டனுக்கும் பாரிசுக்கும் எவ்வளவு தூரம்?" என்று புவியியல் வகுப்பில் ஆசிரியர் கேட்டார். நான் துள்ளி எழுந்தேன். "வான்வழியே ஏறக்குறைய 345 கிலோமீட்டர், ஐயா. விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்." "நல்லது. ஒரு வீட்டு வாசலிலிருந்து மறு வீட்டு வாசலுக்கு எவ்வளவு நேரம்?" என்றார். நான் விழித்தேன். வகுப்பே சிரித்தது.

அந்தக் கேள்விக்கு விடையைப் பின்னர் என் வீடே கற்றுக் கொடுத்தது.

ஆரணியில் தறி ஓசைக்கு நடுவே வளர்ந்தவன் நான். அப்பா தறியில் உட்கார, ஆயா ராட்டையில் தார் சுற்றுவாள். அந்த வருமானத்தில்தான் அண்ணன் படித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனான்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை எட்டு மணி. ஆயாவுக்கு மூச்சுத் திணறியது. "வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார் மருத்துவர். அண்ணனுக்கும், அதே ஊரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்கும் போன் செய்தேன்.

"பஸ் பிடிக்கப் போறேன்டா" என்றான் அண்ணன்.

"பஸ் எதுக்குண்ணா? சென்னைக்குப் பிளேன் ஒரு மணி நேரம்தான்" என்று சொன்னவன் நானேதான். வகுப்பில் சொன்ன அதே பெருமையோடு சொன்னேன்.

கணக்கைப் பாருங்கள், நண்பர்களே! பெங்களூர் விமான நிலையம் 2008 முதல் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அண்ணன் நெரிசலில் ஊர்ந்து அங்கே சேரவே பத்தேகால். சோதனை, காத்திருப்பு எல்லாம் முடிந்து விமானம் கிளம்பியது 12-10க்கு. அங்கிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் இருபது நிமிடம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது என்றே பாதி நேரம் போய்விடுகிறது. இறங்கிய பிறகும் காஞ்சிபுரம் வழியாக வெகுதூரம் மேற்கே திரும்பி வரவேண்டும்.

சித்தப்பா மகனோ ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று சாலை வழியே 250 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, மூன்று மணிக்கு ஆயாவின் கையைப் பிடித்துவிட்டான்.

"பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்டாள் ஆயா.

"வானத்துல வந்துகிட்டு இருக்கான், அத்தே" என்றார் அம்மா. ஆயா கூரையைப் பார்த்தாள். நான்கு மணிக்கு அந்தப் பார்வை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் வாசலில் கால் வைத்தபோது மணி ஐந்தரை. ராட்டையில் பாதி சுற்றிய தார் அப்படியே இருந்தது. அதன் அருகில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

இலண்டனுக்கும் பாரிசுக்கும் நடுவே கடலுக்கடியில் 1994 முதல் இரயில் ஓடுகிறது. நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவுக்கு இரண்டரை மணிக்குள் போய்விடலாம். ஒன்றேகால் மணி நேர விமானத்தை விட்டுப் பலர் அதில் ஏறுவது ஏனென்று இப்போது எனக்குப் புரிகிறது.

விமான அட்டவணை சொல்வது விமானம் எடுக்கும் நேரத்தை மட்டுமே. நம் நேரத்தை வாசலிலிருந்து வாசல்வரை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். காலம் கடந்து சொல்கிறேன்.