நூற்றுக்கு அதிபதியின் விண்ணப்பம்



1932 டிசம்பர் 10 அன்று டேராடூனில் இந்திய ராணுவக் கழகத்தைத் தொடங்கிவைத்துப் பேசிய படைத்தலைவர் பிலிப் செட்வுட், அதிகாரிகளாகப் போகும் இளைஞர் முன் மூன்று கடமைகளை வரிசையாக வைத்தார். முதலாவது, தேசத்தின் பாதுகாப்பும் மானமும் நலனும். அடுத்தது, தங்கள் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும். தங்கள் சொந்தச் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி. அவ்வார்த்தைகள் இன்றும் அங்குள்ள செட்வுட் மண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கழகத்தின் முதல் அணியினர் 40 பேர். அவர்களில் ஒருவரான சாம் மானெக்‌ஷா 1969 இல் நம் தரைப்படைத் தலைவரானார்.

முதற்கடமையைக் குறித்து நாம் அதிகம் பேசுகிறோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றி ஜெபிக்கிறோம். கரிசல் கிராமங்களிலிருந்து ராணுவத்துக்குப் போன பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கிறோம். என் மனம் தங்கிநிற்பதோ இரண்டாவது கடமையில்.

கப்பர்நகூமில் இயேசுவிடம் வந்த நூற்றுக்கு அதிபதியை நினைத்துப்பாருங்கள் (மத்தேயு 8:5-13). அவனுடைய விசுவாசத்தைக் குறித்துப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவன் எதற்காக வந்தான்? பதவி உயர்வுக்காக அல்ல, சொந்தப் பிணிக்காகவும் அல்ல. திமிர்வாதத்தால் வீட்டில் கிடந்த வேலைக்காரனுக்காக வந்தான். (யூத மூப்பரை அனுப்பினான் என்று லூக்கா எழுதுகிறார், விண்ணப்பம் ஒன்றே.) கட்டளையிட்டே பழகிய வாய், ஓர் ஊழியனுக்காகக் கெஞ்சியது.

நம் சபையில் நூறு பேருக்கு அதிபதிகள் சிலரே. ஆயினும் தீப்பெட்டி ஆலையில் பத்துப் பெண்களை மேற்பார்வையிடுகிறவர் உண்டு. புரட்டாசியில் விதைத்து, கார்த்திகையில் உளுந்தங்காட்டில் களையெடுக்க ஆள் கூப்பிடுகிறவர் உண்டு. வீட்டு வேலைக்கு ஓர் அக்காளை வைத்திருப்பவரும் உண்டு. உச்சிவேளையில் தண்ணீர்க்குடம் முதலில் வரப்பில் நிற்கும் நம்மிடம் வருகிறதா, குனிந்து களையெடுப்பவர்களிடம் போகிறதா? இருமலோடு வேலைக்கு வந்தவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்கிறோமா? பிடிப்பதுதான் வழக்கம் என்பீர்கள். அவ்வழக்கத்தைத்தான் கேட்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, உங்களிடம் வேலை செய்கிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஊர்ப்பெயராலும் பட்டப்பெயராலும் மட்டுமே அவர்களை அறிந்திருந்தால், வியாழக்கிழமைக்குள் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நோயுற்றிருப்பவர்களின் பெயர்களை முதலில் வாசிப்போம்.