சீட்டுக் குலுக்கலும் தவக்குலும்



காய்ச்சல் கண்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும் நாம், மனம் நோவுற்றால் மட்டும் வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். வளைகுடாவிலிருந்து திரும்பிய எங்கள் தம்பி மாதக்கணக்கில் உறக்கமும் பேச்சுமின்றி ஒடுங்கியபோது, தக்கலையிலுள்ள எங்கள் வீட்டிலும் முதலில் ஓதிப் பார்த்தோம். ஓதியது ஆறுதல் தந்தது. பின்னர் மருத்துவரிடம் சென்றோம். அவர் மனச்சோர்வு எனக் கண்டறிந்து மருந்து தந்தார். பேச்சுவழிச் சிகிச்சை ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வில் சேர விருப்பமா என்றும் கேட்டார். "என் பிள்ளையை வைத்தா சோதிக்கப் போகிறார்கள்?" என்று உம்மா கலங்கினார்கள். உம்மாவுக்கு விடை சொல்லவே நாங்கள் தேடத் தொடங்கினோம்.

மனநோயாளர் பெயரில் அஞ்சத்தக்கவை நடந்ததுண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அங்கே அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. இன்றோ 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 99-ஆம் பிரிவில், நேர்காணலாயினும் உளவியல் சிகிச்சையாயினும் ஆய்வுக்கு உட்படுபவரின் தடையற்ற சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

இத்தகைய ஆய்வுகளால் விளைந்த நன்மையையும் அறிந்தோம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மனச்சோர்வுடைய 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்புடன், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே சில அமர்வுகள் ஆலோசனை வழங்கினர். மூன்று மாதங்களில் அப்பிரிவில் 64 விழுக்காட்டினரும், மற்றப் பிரிவில் 39 விழுக்காட்டினரும் நோய் தணிந்திருந்தனர். நம் மாநிலத்திலும் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் பங்கேற்ற ஆய்வொன்றில், மனச்சிதைவு நோயாளரை வீடு தேடிச் சென்று கவனிப்பது ஓரளவு கூடுதல் பலன் தருவதாக 2014-இல் வெளியான முடிவு காட்டியது.

ஆனால், யாருக்குப் புதிய சிகிச்சை என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும் என்றதும் வாப்பா தயங்கினார்கள். அது சூதாகாதா என்றார்கள். ஒருவர் இழக்க, மற்றவர் அப்பொருளை அடைவது சூது. இங்கே எவரும் எதையும் பணயம் வைப்பதில்லை. வழக்கமான மருத்துவம் இரு பிரிவினருக்கும் உண்டு. நபி (ஸல்) அவர்களும் பயணம் புறப்படுகையில் உடன் வரும் மனைவியைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தார்கள் என்பதை நாமறிவோம். எவர் பக்கமும் சாயாதிருக்கும் வழி அது.

தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 2007 முதல் இயங்கும் இதனை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நோயின் பெயரை இட்டுத் தேடினால், ஆய்வு எங்கு நடக்கிறது, எவர் சேரலாம், எவர் சேரலாகாது, சேர்க்கை திறந்துள்ளதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, யாரிடம் விசாரிப்பது என்பன தெரியும். பதிவாகியிருப்பதே சிகிச்சை பலிக்கும் என்பதற்குச் சான்றன்று. ஆகவே நேரில் கேளுங்கள்: இப்போதைய மருந்து தொடருமா? சொல்லும் இரகசியம் யாரிடம் இருக்கும்? நிலை மோசமானால் யாரை அழைப்பது? இடையில் விலகினால் சிகிச்சை குறையுமா? போக்குவரத்துச் செலவு கிடைக்குமா? தமிழில் எழுதிய தகவல் தாளை வாங்கி, வீட்டில் வைத்து வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

தம்பியே படித்தான், தானே கையொப்பமிட்டான். குலுக்கலில் வழக்கமான கவனிப்புப் பிரிவே அவனுக்கு அமைந்தது. உம்மாவுக்கு வருத்தம். அவனோ, "என் பதிலும் சேர்ந்தால்தானே எது பலிக்கும் என்று தெரியும், உம்மா" என்றான். பல மாதங்களுக்குப் பின் அவன் தானாகப் பேசிய நீண்ட வாக்கியம் அது. இன்னும் முழுதாகத் தேறவில்லை. மருந்து உட்கொள்கிறான், ஜும்ஆவுக்கு வருகிறான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். ஆய்வில் சேர்வது கடமையன்று, மறுப்பதும் குற்றமன்று. ஆனால் நோயை மறைத்து வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. உங்கள் இல்லத்திலும் ஒருவர் ஒடுங்கியிருந்தால், அரசின் டெலிமானஸ் எண்ணாகிய 14416-ஐ இன்றே அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.