ம் கொட்ட ஓர் ஆள்

தெலுக் பங்லிமா காராங்கில் பிற்பகல் மழை தகரக் கூரைமேல் இறங்கும் நேரத்தில், கைப்பேசித் திரையில் ஒரு மாணவி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் வீட்டு மழையை இரைச்சல் என்று செயலி வடிகட்டப் பார்க்க, மழையோடு அவள் சொற்களின் கடைசி எழுத்துகளும் போய்விடுகின்றன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தொற்றிக்கொண்ட வழக்கம் இது, பள்ளிகள் திறந்த பிறகும் மாலை வகுப்பின் பேச்சு மதிப்பீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

அரைகுறையாகக் காதில் விழும் அந்த மழை, லங்காட் ஆற்றுக்கு அக்கரையில், கேரித் தீவின் தோட்டத்து லயத்துக்கு என்னைக் கொண்டுபோய் விடுகிறது, ஈரச் சாக்கின் வாடை, மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், எத்தனை முறை துவைத்தாலும் செம்பனை வீச்சம் போகாத பாட்டியின் சேலை. கதை சொல்ல உட்கார்ந்தால் பாட்டிக்கு அவசரமே கிடையாது, வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பைத் தடவி, மடித்துக் கடைவாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் ராஜா காட்டுக்குப் புறப்படுவார். நாங்கள் ம் கொட்டியபடி இருக்க வேண்டும், கொட்டாவிட்டால் "யாருக்குடா சொல்றேன், செவுத்துக்கா?" என்று அங்கேயே நிறுத்திவிடுவார். மழை அடித்து ஊற்றினாலும் குரலை உயர்த்தமாட்டார், எங்களைத்தான் கிட்டே இழுத்துக்கொள்வார்.

பின்னாளில் பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலைப் பக்கம் வாடகைக்கு இருந்தபோது, வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர், இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கும் இடம் அப்போது ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் யார்டு, இரவெல்லாம் அந்தச் சத்தம் வரும். ஆசிரியர் பயிற்சி நேர்காணலுக்கு அவர் முன்னால்தான் பேசிப் பழகினேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "சொல்லும் தம்பி" என்பார், திருநீறும் பழைய நாளிதழும் மணக்கும் அந்த முன்னறையில் நான் தடுமாறும் இடத்திலெல்லாம் "ஓம்... ஓம்" என்று மெல்ல வரும், அதைப் பிடித்துக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவேன்.

காணொலி அழைப்பில் காணாமல் போனது அந்த ஓம்தான். ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே மனிதர்கள் விடும் இடைவெளி சுமார் 0.2 நொடி என்று பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது, தொலைபேசித் தொடர்புக்கோ ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தெலுக் பங்லிமா காராங்கின் மழை நாளில் அது எங்கே கிடைக்கிறது? தாமதம் கம்பியில் இருக்க, மதிப்பீட்டுத் தாளில் பிள்ளையின் பெயருக்கு நேரே "தயக்கம்" என்று விழுகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வைக் காணொலியிலும் நேரிலும் வைத்துப் பார்த்தவர்கள், மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் திரையில் பேசுவோர் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது கூடுகிறது என்று கண்டார்கள், மதிப்பெண் மாறவில்லை என்பதோடு நம்மவர்கள் நிறைவடைந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். இருபது பிள்ளைகளின் ஒலிவாங்கியை அடைத்து வைத்துவிட்டு ஒருத்தியை மட்டும் பேசச் சொல்வது, பாட்டி சொன்ன அந்தச் சுவரிடம் பேசவிடுவதுதான், கேட்டலும் பேச்சும் ஒரே திறன் என்று பாடத்திட்டமே சேர்த்துத்தானே வைத்திருக்கிறது.

அடுத்த தவணையில் நான்கு நான்கு பேராக அழைக்கப் போகிறேன், இரைச்சல் வடிகட்டியை அணைத்துவிட்டு, எல்லோரும் இயர்போன் மாட்டிக்கொண்டால் எதிரொலி இருக்காது, செயலியும் ஒருவர் குரலுக்காக மற்றவர் குரலை அமுக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை சொல்ல மற்ற மூவரும் ம் கொட்ட வேண்டும், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரட்டும், கேட்ட பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு. இணையம் மோசமான வீட்டுப் பிள்ளைகளைத் திரையில் மதிப்பிடப் போவதில்லை, அவர்களை நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்.