டிரம்மர் தேவை

போன வாரம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கிக்கிட்டு இருக்கும்போது பக்கத்து சீட் ஆள் மெதுவா வந்து, "ஆண்டு விழாவுக்கு ஒரு ராக் பேண்டு போடலாமா? நீங்க காலேஜ்ல பேஸ் வாசிச்சீங்களாமே"ன்னு கேட்டார். எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். வாசிச்சேன்னு சொல்றதெல்லாம் ரொம்ப ஓவர். நாலு கம்பியில ரெண்டை மட்டும் தட்டிக்கிட்டு மேடையில நின்னேன், அவ்வளவுதான் :)) சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2016. இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல என் எதிர் ரூம்ல ஒருத்தன் இருந்தான் (பேர் வேண்டாம், இதைப் படிச்சாலும் படிப்பான்). ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு யூடியூப்ல ஏதோ பழைய கச்சேரி வீடியோ பார்த்துட்டு, "மச்சி, நாமளும் ஒரு பேண்டு ஆரம்பிப்போம்டா"ன்னான். அவன் பாடறதா ஏற்பாடு. நான் கிடார். கைவசம் இருந்தது ஒரு கிவ்சன் கிடார், தெரிஞ்சது நாலு கார்டு. விடிஞ்சதும் நோட்டுல ஒரு பேப்பரைக் கிழிச்சு அவனே எழுதி மெஸ் வாசல்ல ஒட்டிட்டான். "ராக் பேண்டுக்கு ஆள் தேவை. டிரம்மர் அவசரம். திறமை முக்கியமில்லை, ஆர்வம் போதும்."

இப்படி நோட்டீஸ் ஒட்டி ஆள் பிடிக்கறது ஒண்ணும் புதுசு இல்லைங்க. 1968ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல பிரையன் மே டிரம்மர் வேணும்னு இப்படித்தான் போர்டுல ஒட்டினார். அது மூலமா வந்து சேர்ந்தவர் பல் டாக்டருக்குப் படிச்சுக்கிட்டு இருந்த ரோஜர் டெய்லர். பின்னாடி குயின் பேண்டுல பாதி இவங்க ரெண்டு பேர்தான். 1981ல லாஸ் ஏஞ்சலஸ்ல லார்ஸ் உல்ரிக் ஒரு வரி விளம்பரப் பேப்பர்ல விளம்பரம் குடுக்கப் போய்த்தான் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கிடைச்சார். மெட்டாலிகா ஆரம்பிச்ச கதை அது.

எங்க நோட்டீஸுக்கு கிடார்னு பதினொரு பேர் வந்தாங்க. பாட ஆறு பேர். டிரம்ஸுக்கு ஒரு ஈ காக்கா இல்லை. யோசிச்சா காரணம் சிம்பிள். கிடாரைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். டிரம் செட்டுக்கு காசு வேணும், இடம் வேணும், அதுக்கும் மேல காது கேட்காத பக்கத்து வீட்டுக்காரர் வேணும். நான் பார்த்த வரைக்கும் நம்ம ஊர்ல டிரம்ஸ் தொட்டுப் பழகின பசங்க நிறைய பேர் சர்ச்ல பழகினவங்கதான். அங்கதான் செட்டும் இருக்கும், வாராவாரம் வாசிக்க வேலையும் இருக்கும்.

எங்க டிரம்மரும் அப்படித்தான் மாட்டினான். நாகர்கோவில் பையன், ஃபர்ஸ்ட் இயர். மெஸ்ல சாம்பார் வர்ற வரைக்கும் ரெண்டு ஸ்பூனை வெச்சு டேபிளைத் தட்டிக்கிட்டு இருந்தான். வலது கை விடாம ஓடுது, இடது கை ரெண்டாவது அடியிலயும் நாலாவது அடியிலயும் கரெக்டா விழுது, கால் பாட்டுக்குத் தரையில மிதிக்குது. வேகம் ஒரு இம்மி கூடலை, குறையலை. எதிர் ரூம்காரன் கண்ணுலதான் முதல்ல பட்டது.

"அண்ணே, எனக்கு சர்ச் பாட்டுதான் தெரியும்."

"அடி எல்லாம் ஒண்ணுதான்டா தம்பி, வா."

காலேஜ் பக்கத்து சர்ச் ஹால்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிராக்டிஸ் பண்ண அனுமதி வாங்கினதும் அவன்தான். பாதிரியார் போட்ட ஒரே கண்டிஷன், போகும்போது நாற்காலி எல்லாத்தையும் அடுக்கி வெச்சுட்டுப் போகணும். பெரும்பாலும் அதை அடுக்கினதும் அவனேதான். நாங்க வொயர் சுத்தறோம்னு சாக்கு சொல்லிக்கிட்டு நிப்போம்.

நடுவுல மெக்கானிக்கல்ல இருந்து எலக்ட்ரிக் கிடாரோட ஒருத்தன் வந்தான். நிஜமாவே நல்லா வாசிச்சான். நான் பேஸுக்குத் தள்ளப்பட்டேன். 1961ல ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸை விட்டுப் போனதும் வேற யாரும் எடுக்க மாட்டேன்னுதான் பால் மெக்கார்ட்னி பேஸை எடுத்தார்னு சொல்லி மனசைத் தேத்திக்கிட்டேன்.

பிரச்சனை பாட்டுல இருந்தது. எதிர் ரூம்காரனுக்கு மேல் ஸ்தாயி போனா சுருதி இறங்கிடும். பிராக்டிஸ் சத்தத்துல அது தெரியலை. ஒருநாள் போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேட்டோம். யாரும் வாயைத் திறக்கலை. அவன் மட்டும் "செமயா வந்திருக்குல்ல"ன்னான்.

அடுத்த வாரம் ஈசிஈ பொண்ணு ஒண்ணு, கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டது, சும்மா பார்க்க வந்து ஒரு பாட்டு பாடிச்சு. அன்னைக்கே முடிவாயிடுச்சு. ஆனா அவன்கிட்ட யார் சொல்றது? நீ சொல்லு, நான் சொல்ல மாட்டேன்னு மூணு நாள் ஓடிச்சு. கடைசில நாங்க பண்ணினது என்னன்னா, புதுசா ஒரு வாட்ஸப் குரூப். அவன் இல்லாம. ஆரம்பிச்சது நான்தான்.

பழைய குரூப்ல அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். "சண்டே எத்தனை மணிக்கு?" எல்லாரும் படிச்சாச்சுன்னு நீல டிக் விழுந்துச்சு. மறுபடி, "டேய் யாராவது சொல்லுங்கடா". நானும் படிச்சேன். எதிர் ரூம். கதவைத் தட்டி சொல்லியிருக்கலாம். நாலு அடி தூரம்.

யூ2 கதை தெரிஞ்சிருக்கும். 1976ல டப்ளின்ல மவுண்ட் டெம்பிள் ஸ்கூல் போர்டுல 14 வயசு லாரி முல்லன் ஒட்டின நோட்டீஸ்தான் ஆரம்பம். ஆரம்பத்துல வந்து சேர்ந்தவங்கள்ல எவன்ஸ் குடும்பத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர். தம்பிதான் இப்போ உலகத்துக்கே தெரிஞ்ச 'தி எட்ஜ்'. அண்ணன் டிக் வயசுல பெரியவர், ஸ்கூல் பசங்களோட ஒட்டலை. 1978 மார்ச்ல ஹௌத்ங்கற ஊர்ல அவருக்குன்னே ஒரு கடைசிக் கச்சேரி வெச்சாங்க. வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவர் மேடையை விட்டு இறங்கிப் போனார். மிச்ச நாலு பேரும் அன்னைக்கே யூ2ங்கற பேர்ல திரும்ப மேடை ஏறினாங்க. பசங்க விவரமானவங்க. ஒருத்தரை அனுப்பறதைக்கூட எல்லார் முன்னாலயும் பண்ணியிருக்காங்க.

எங்க கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு ரெண்டு பாட்டு வாசிச்சோம். கைதட்டல் பரவாயில்லை, பரிசு இல்லை. ஆம்ப்ளிஃபயரை மேடைக்குத் தூக்க ஆள் இல்லாம முழிச்சப்போ பின்னாடி இருந்து ஒருத்தன் வந்து ஒரு பக்கம் பிடிச்சான். அவன்தான். "பேஸ் சத்தம் கம்மியா வெச்சிருக்கடா, ஏத்து"ன்னு சொல்லிட்டுப் போய் கூட்டத்துல நின்னுக்கிட்டான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எதிர் எதிர் ரூம். டீ குடிக்கப் போவோம், செமஸ்டர் பத்திப் பேசுவோம். பேண்டு பத்தி அவனும் கேட்கலை, நானும் சொல்லலை. பிளேஸ்மென்ட் சீசன்ல பேண்டும் கலைஞ்சுடுச்சு.

ஆபீஸ் பேண்டுக்கு இந்தத் தடவை டிரம்மர் முதல் நாளே கிடைச்சுட்டார், டெஸ்டிங் டீம்ல. பாடத்தான் ஆள் இல்லை. வெளியாளா இருந்தாலும் பரவாயில்லை, யாராவது தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. அவனும் இதே ஊர்லதான் வேலை பார்க்கறான். நம்பர் இருக்கு. நேத்து ரெண்டு தடவை எடுத்துப் பார்த்துட்டு வெச்சுட்டேன்.