கல்லைத் தின்னும் உயிர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளோடு முருகைக்கல் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். கிளிமீன் அந்தக் கல்லைக் கடித்துத் தின்னும் என்று சொன்னதும் பின் வாங்கில் இருந்து ஒரு கேள்வி வந்தது. "சேர், அப்ப அந்த மீனைப் பிடிச்சு முடிச்சால் கல்லு தப்பிடும்தானே?"

விசுவமடுவில் நெல்லையும் கச்சானையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்படித்தான் கேட்கும். பயிரைப் புழு தின்றால் நாங்கள் என்ன செய்கிறோம்? மருந்தடிக்கிறோம். பாதி பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன், பெற்றோரும் வாசிக்கட்டும்.

கல் என்று சொன்னாலும் அதைக் கட்டுவது உயிர்தான். பூப்போல விரியும் மிகச் சின்னப் பிராணிகள் கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்து, சுண்ணாம்பாக்கி, தங்களுக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டே போகின்றன. உருண்டையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு பிள்ளை பிறந்து ஓ.எல். எழுதும் வயதுக்கு வரும்போது அந்தக் கல் ஒரு சாண் கூட உயர்ந்திருக்காது. கட்டக் கட்ட இன்னொரு பக்கத்தால் அரித்துக்கொண்டிருக்கும் கூட்டமும் உண்டு.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது கிளிமீன். பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிளிச் சொண்டு மாதிரி ஆகியிருப்பதால் அந்தப் பெயர். அது தேடுவது கல்லை அல்ல, கல்லின் மேலும் உள்ளும் இருக்கும் பாசியை. ஆனால் சுரண்டும்போது கல்லும் சேர்ந்து வாய்க்குள் போகும். தொண்டைக்குள் இன்னொரு பல் தொகுதி அம்மி மாதிரி இருந்து அதை அரைக்கும். சத்து உடம்பில் சேர, கல் வெள்ளை மணலாகப் பின்னால் வெளியே வரும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறையில் தலை புடைத்த பெரிய இனக் கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு 5 தொன்னுக்கு மேல் முருகைக்கல்லை விழுங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் மாலைதீவில், வக்காரு என்ற தீவைச் சுற்றியுள்ள முருகைப் பாறையில் செய்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 வீதத்துக்கு மேல் கிளிமீன் அரைத்துக் கொடுத்ததுதானாம். சுற்றுலா விளம்பரங்களில் பார்க்கும் அந்தப் பால் வெள்ளைக் கரை மீன் கழித்த மணல். இதைச் சொன்னபோது வகுப்பில் சிரிப்பை அடக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஆனால் அந்த மணல் இல்லையென்றால் தீவு இல்லை, அதில் பள்ளிவாசலும் இல்லை, ஊரும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பவை இன்னும் கெட்டிக்காரர்கள். துளைக்கும் கடற்பஞ்சு என்று ஒரு உயிர் இருக்கிறது. அதற்குப் பல் கிடையாது. அமிலத்தால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்த்து, உள்ளே அறை அறையாகக் குடியேறும். வெளியே சில ஓட்டைகள் மட்டும் தெரியும். எங்கள் மாமா மன்னார்க் கடலில் சங்கு குளித்தவர். "பூச்சி அரிச்ச சங்கு" என்று தனியாக ஒரு குவியல் வைத்திருப்பார். வியாபாரி அதற்கு விலை சொல்லவே மாட்டார். பூச்சி என்று அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி இந்தப் பஞ்சின் வேலையாகத்தான் இருக்கும். மன்னார் முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப் போகிறது என்று பார்க்க 1902 இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரை இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தார்கள். அந்த ஆய்வில் சேர்த்த கடற்பஞ்சுகளை டெண்டி என்பவர் ஆராய்ந்து, முத்துச் சிப்பியின் ஓட்டைத் துளைக்கும் ஒன்றுக்கு 1905 இல் சிப்பியின் பெயரையே வைத்தார். அதைப் பள்ளிக்கூடம் போகாத எங்கள் ஆட்கள் விலை வைத்தே பிரித்து வைத்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

கல்லுக்குள் துளை போட்டு வாழும் ஒரு வகை மட்டியும் உண்டு, அதுவும் கரைத்துத்தான் உள்ளே போகும். சுண்ணாம்புக் கல்லைப் புளிப்புக் கரைக்கும் என்பதைக் காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. முருகைக்கல் துண்டைப் பொடி செய்து தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும். வகுப்பில் செய்து பார்த்தோம். அடுத்தது கடல் முள்ளெலி. ஐந்து பல்லால் இரவிரவாகக் கல்லைச் சுரண்டும்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். இவையெல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் கல் தப்புமா? கரிபியன் கடலில் 1983 இல் நீண்ட முள் உள்ள கடல் முள்ளெலிகள் ஒரு நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முருகை செழிக்கவில்லை. மேய ஆள் இல்லாமல் பாசி ஏறி மூடிவிட்டது. குஞ்சு முருகை ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கல் வேண்டும், அந்தச் சுரண்டல்தான் இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறது. அதே காலத்தில் கலாபகோஸ் தீவுகளில் நடந்தது வேறு. 1982-83 எல் நினோவில் கடல் சூடேறி அங்கிருந்த முருகையில் பெரும்பகுதி செத்தது. முள்ளெலிகள் வழக்கம்போல மேய்ந்தன. கட்டுவதற்கு உயிர் இல்லாததால் சில ஆண்டுகளில் பாறையே சிதைந்து சல்லிக் குவியலாகியது. தின்னியின் பசி மாறவில்லை. கட்டுகிறவன் இல்லாமல் போனான், அவ்வளவுதான்.

நமக்கும் அப்படி ஒரு பயம் இருக்கிறது. கற்பிட்டிக்கு அப்பால் இருக்கும் பெரிய பாரை 1992 இல் சரணாலயம் ஆக்கினார்கள். 1998 இல் கடல் சூடாகி, ஆழம் குறைந்த இடங்களில் முருகை அநேகமாக முழுவதும் வெளிறிச் செத்தது. மெல்ல மெல்லத் தளிர்த்து வர, 2016 இல் மறுபடியும் அதே கதை. நான் அந்தப் பக்கத்து அகதி முகாமில்தான் வளர்ந்தேன்.

இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லை. மன்னார்த் தீவில் உம்மாவின் வாப்பா கட்டிய வீடு முருகைக்கல் வீடு. 1990 ஒக்டோபரில் எல்லோரும் வெளிக்கிட்டபோது நான் கைக்குழந்தை. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தால் கூரை இல்லை, ஆனால் சுவர் நின்றது. ஒரு மூலையில் மட்டும் அரச மரம் ஏறி, கைமுட்டி மொத்தத்தில் வேர் இறங்கி, சுவரை இரண்டாகப் பிளந்திருந்தது. ஷெல் விழுந்ததாக்கும் என்று நான் நினைத்தேன். உம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னா: "காகம் போட்ட விதை மகன். நாங்க இருக்கேக்க வருசா வருசம் பெருநாளைக்குச் சுண்ணாம்பு அடிக்கேக்க பிடுங்கிப் போடுவோம். பிடுங்க ஆள் இல்லாமப் போச்சு."

விதை ஒவ்வொரு வருசமும் விழுந்திருக்கிறது. வேர் ஒவ்வொரு வருசமும் இறங்கப் பார்த்திருக்கிறது. உம்மா அந்த மரத்தை ஒரு வார்த்தை ஏசவில்லை.

அந்தச் சுவரின் கல்லும் கடலில் இருந்து பெயர்த்து எடுத்ததுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் வேறு கல் இல்லை, அளவோடு எடுத்தார்கள். பிறகு சூளைக்கும் தொழிற்சாலைக்கும் என்று அள்ளத் தொடங்கியபோது எந்த மீனும் எட்ட முடியாத வேகம் வந்தது. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், தமிழ்நாட்டின் கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று எழுதியிருக்கும். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குக் கீழே. சுற்றியிருந்த முருகைக்கல்லை வெட்டி எடுத்ததைத்தான் முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். கிளிமீன் கல்லைத் தின்றால் அங்கேயே மணலாகப் போட்டுவிட்டுப் போகும். லொறியில் ஏற்றியது திரும்பி வராது.

அதனால் தம்பி, மீனைப் பிடித்து முடித்தால் கல் தப்பாது. சந்தையில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் கண்டால் நான் வாங்குவதில்லை. வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. ஹலாலான மீன்தான், ருசியும் நல்லது என்கிறார்கள். கடலில் அதற்கு வேலை கிடக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஒரு உதவி வேண்டும். வகுப்பில் ஒரு சின்னக் கண்ணாடி அலுமாரி ஒதுக்கியிருக்கிறோம். யாருடைய வீட்டிலாவது பூச்சி அரித்த பழைய சங்கோ சிப்பியோ கிடந்தால் எறியாமல் பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள். உயிருள்ளது எதையும் கடலில் இருந்து பிடுங்கி வர வேண்டாம். முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர்கள் தீப்பெட்டி அளவு கரை மணல் எடுத்து, எந்த ஊர் என்று எழுதி அனுப்புங்கள். எந்தக் கரை மணல் தேசிக்காய்ப் புளிக்கு நுரைக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கப் போகிறார்கள். புளி நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.