படுவான்கரைக்கு வந்த பெட்டை நாய்கள்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. கடலும் பட்டணமும் பெரிய வீதியும் எழுவான்கரைக்கு. வயலும் மாட்டுப்பட்டியும் யானைத் தொல்லையும் படுவான்கரைக்கு.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் போவதென்றால் துறையில் நின்று 'பாதை' ஏற வேண்டும். வெளியூர்ச் சகோதரிகளுக்குச் சொல்லவேண்டும்: எங்களூரில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற தட்டைப் படகு. 2007 மார்ச்சில் ஷெல்லுக்குப் பயந்து படுவான்கரைச் சனம் இக்கரைக்கு ஓடிவந்தபோது கைப்பிள்ளையும் அரிசிப் பையும்தான் கூட வந்தன. மாடும் நாயும் அங்கேயே நின்றுவிட்டன. மாதங்கள் கழித்துத் திரும்பியவர்கள் எலும்புந்தோலுமாய் வாசலில் படுத்திருந்த நாயைப் பற்றி இன்றும் கதைப்பார்கள்.

இப்போது நாய்கள் எதிர்த்திசையில் பாலம் கடக்கின்றன. பட்டணத்துப் பக்கம் சாதி நாய் வளர்த்துக் குட்டி விற்பவர்கள், ஈன்று ஓய்ந்த தாயைக் கொண்டுவந்து பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஆள் குறைந்த இடம், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணம்.

அப்படி வந்தவற்றை எடுத்து வளர்க்கிற அக்கா ஒருவரைப் பார்க்கத்தான் போன மாதம் போனேன். பெயர் போடவேண்டாம் என்றார். "பேர் தெரிஞ்சா எல்லாரும் எண்ட வாசல்லதான் கொண்டந்து கட்டுவாங்க புள்ள." கொக்கட்டிச்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தான்தோன்றீஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். கல் நந்தி எழும்பிப் புல் தின்றது, பறங்கியர் பயந்து ஓடினார்கள் என்று நம்புகிற ஊர் இது. மிருகத்துக்கு ரோசம் உண்டு என்பதை இந்த ஊருக்கு நான் போய்ச் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் வளவில் ஐந்து பெட்டை நாய்கள். நான்கு எழும்பி வந்து மணந்து பார்த்தன. ஐந்தாவது மாட்டுக்கொட்டிலின் மூலையில் சாக்கில் கிடந்தது. வெள்ளைப் பொமரேனியன் என்றார். எனக்கு வெள்ளை தெரியவில்லை. மயிர் பாதி கொட்டி, சொறி பிடித்து, முலைகள் தொங்கி, நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன. பாதத்தின் விரல்கள் அகலப் பிரிந்து நின்றன. கம்பிவலைத் தளத்தில் வருடக்கணக்காக நின்ற பாதம் அப்படித்தான் ஆகும். கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் தேய்ந்திருந்தன. வயது ஐந்துதான். எட்டு ஈற்று முடிந்திருந்தது.

பெட்டை நாய்க்கு வருடத்தில் ஏறத்தாழ இரண்டு தடவை பருவம் வரும். சினை ஒன்பது கிழமை. ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் உடம்பு தேற இடைவெளியே இல்லை. இந்தியாவில் 2017இல் கொண்டுவந்த விதியின்படி பதினெட்டு மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஈற்றுக்குமேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்குமேல் கூடாது. அதற்கு முந்திய வருடம், சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கமே நடத்திய நாய் இனப்பெருக்க நிலையத்தை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. இங்கிலாந்தில் 2020இல் வந்த சட்டத்துக்கு லூசி என்ற நாயின் பெயரையே வைத்தார்கள். 2013இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து இதே கோலத்தில் மீட்கப்பட்ட பெட்டை அது. ஆறு மாதம் நிரம்பாத குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது, தாயோடு வைத்துக் காட்டித்தான் வளர்த்தவரே விற்கலாம். நம் நாட்டு மிருகவதைச் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதிலே தண்டம் 100 ரூபா. சாதிக் குட்டி ஒன்றின் விலைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

அக்காவின் வைத்தியத்தில் செலவு குறைவு, பொறுமைதான் கூட. முதல் மூன்று நாள் குளிப்பாட்டுவதில்லை, தூக்குவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை. ஒரே நேரம், ஒரே சட்டி. குறுணல் அரிசிக் கஞ்சியில் முள் எடுத்த மீனும் கொஞ்சம் முருங்கையிலையும், நாளுக்கு நாலு தரம் சிறிது சிறிதாக. காய்ந்த வயிற்றுக்கு ஒரேயடியாகப் போட்டால் வாந்திதான். சொறிக்கு மிருக வைத்திய அலுவலகத்தில் காட்டி மருந்து. ஊரில் பலர் பூசுகிற கழிவு எஞ்சின் ஒயில் தோலால் உள்ளே போய் நஞ்சாகும். காய்ச்சலென்று பனடோல் கொடுப்பதும் அப்படியே, நாயின் ஈரலைக் கெடுக்கும். விசர்நாய்த் தடுப்பூசி தவறாமல். உடம்பு தேறியதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை.

மிச்சத்தைப் பார்த்துக்கொள்வது 'கறுப்பி', அக்காவின் ஊர் நாய். யானை வந்தால் முதலில் குரைப்பதும் அதுதான். புதிதாக வருகிற நாய்க்கு மண்ணில் நடக்கத் தெரியாது, வாசற்படி தாண்டத் தெரியாது. கறுப்பி முன்னால் போய் நிற்கும், திரும்பிப் பார்க்கும், மறுபடி வந்து பக்கத்தில் படுக்கும். அல்சேஷன் ஒன்று முற்றத்துக்கு வர நாற்பது நாள் எடுத்ததாம்.

"மனிசருக்கே சோறில்ல, இவ நாய்க்குக் கஞ்சி காச்சுறா" என்று ஊரில் பேச்சு உண்டு. அக்கா அதற்குக் கோபிப்பதில்லை. முகாமில் வரிசையில் நின்ற காலத்தில் தன்னையும் இப்படித்தான் பேசினார்கள் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்தப் பொமரேனியனை யாரும் பாலத்தடியில் விடவில்லை. எழுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அங்கே இருந்தவள் புருசன் இல்லாத, இரண்டு பிள்ளைகளின் தாய். நுண்கடன் எடுத்து, சுயதொழில் என்று இரண்டு பெட்டைகளை வாங்கியவள். கிழமைக்கிழமை லோன்காரர் வாசலில் வந்து நிற்பார்கள். குட்டி விற்ற காசு அங்கே போகும். கூட்டுக்குக் கூரை போடக் காசு இல்லை. "நான் ஏசப் போகல்ல. அவள ஏசினா நாயா சுகப்படும்?" என்றார் அக்கா. கோழிக்குஞ்சு பத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, நாயை வாங்கியிருக்கிறார்.

கூட்டை வைத்திருப்பவளைவிட, தாயைப் பார்க்காமல் முகநூலில் படம் பார்த்துக் குட்டி வாங்குகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் கூட. வாங்க ஆளிருக்கும்வரை கூடு காலியாகாது.

நான் நின்ற அன்று பொமரேனியனுக்குப் பத்தொன்பதாம் நாள். கறுப்பி கொட்டில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. சாக்கிலிருந்து ஒரு முன்கால் மண்ணுக்கு வந்து, சூடு பட்டதுபோல உள்ளே போனது. மறுகா மற்றக் கால் வந்தது.

அந்த வீட்டில் இரண்டாவது பெட்டை இன்னும் கூட்டில்தான். அடுத்த பருவத்துக்கு முன் தருவதாக அவள் சொல்லியிருக்கிறாள். தருவாளா என்று அக்காவுக்கு நிச்சயமில்லை. கொட்டிலின் மற்ற மூலையில் இன்னொரு சாக்கை விரித்து வைத்திருக்கிறார்.