மூன்று அங்குலம்

வடபழனிப் பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளம். உள்ளே ஒரு பழைய வீட்டு அடுக்களையை செட்டாகப் போட்டிருந்தார்கள். நான் போனது நடிகர்களைப் பார்க்க அல்ல, கேமராவை ஒட்டி நிற்கும் ஃபோகஸ் புல்லரைப் பார்க்க.

கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். உள்ளே சென்சார் இருக்கும் இடத்துக்கு அடையாளம் அது. அங்கிருந்து நடிகையின் கண்வரை ஃபோகஸ் புல்லர் டேப்பை இழுத்து, "ஆறரை அடி" என்றார். ஃபோகஸ் சக்கரத்தின் வெள்ளை வளையத்தில் மார்க்கரால் ஒரு கோடு. நடிகை நடந்து வந்து திரும்பும் இடத்துக்கு இன்னொரு கோடு. டேக் ஓடும்போது அவர் கை அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே நடிகையின் நடையோடு சேர்ந்தே நகர வேண்டும்.

எவ்வளவு பிசகலாம் என்பதை லென்ஸின் துளையான அப்பெர்ச்சர்தான் முடிவு செய்கிறது; எண் சின்னதானால் துளை அகலம். 50 எம்எம் லென்ஸை 5.6-ல் வைத்தால், ஆறரை அடித் தூரத்தில் ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான ஆழம் தெளிவாக விழும். 2-க்குத் திறந்தால் அது ஆறு அங்குலமாகச் சுருங்கும். அதே இடத்தில் 75 எம்எம் மாட்டினால் மூன்று அங்குலம்கூடத் தேறாது; கண் தெளிவாக இருக்கும்போதே காது கலங்கிவிடும். துளை அகலமாகும்போது லென்ஸின் ஓரங்களிலிருந்து கதிர்கள் அதிகச் சாய்வாக வந்து சேர்கின்றன. அதனால் ஆள் கொஞ்சம் முன்பின் நகர்ந்தாலும் புள்ளியாக விழ வேண்டியது வட்டமாகப் பரவிவிடுகிறது.

அன்று 75 எம்எம். ஒளிப்பதிவாளர் கேட்டது 2. "சாருக்கு அது அழகு. எனக்கு அடிவயித்துல புளி கரைக்கும்" என்றார் ஃபோகஸ் புல்லர்.

2-ஐவிட அகலமாகத் திறந்தவர்களும் உண்டு. 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். அதற்கு அவர் மாட்டிய, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த 0.7 லென்ஸை எல்லாரும் சிலாகிப்பார்கள். அந்தத் துளைக்கு ஈடுகொடுத்த ஃபோகஸ் புல்லர் டக் மில்சம். கேமராவுக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, அதன் திரையைப் பார்த்துத் தூரத்தைக் கணித்தார் அவர். லென்ஸுக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மெழுகுவத்திக்கு அந்தத் திறப்பு தேவைப்பட்டது. இப்போதோ பின்னணி கரைந்தால்தான் சினிமா என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கலை இயக்குநரின் ஆட்கள் எங்கிருந்தோ தேடிப் பிடித்த துருவேறிய டப்பாக்களும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அலமாரியும் அன்று மானிட்டரில் வெறும் பழுப்புத் திட்டாகத் தெரிந்தன.

கலைத்துறைப் பையன் ஒருவன், கதை நடக்கும் தேதிக்குப் பொருத்தமாகச் சுவரில் தினக்காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"அது தெரியாது தம்பி, விடு" என்றார் ஃபோகஸ் புல்லர்.

"5.6 வைக்கச் சொல்லுங்கண்ணே, தெரியும்ல?"

"எட்டு மடங்கு லைட்டு வேணும்டா. மேனேஜர்கிட்ட நீயே போய்க் கேளு."